ஜூன் பன்னிரண்டு என்று சொன்னேன்

செப்டம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய மகப்பேறு மருத்துவமனையின் முன்னறை. நர்ஸ் ஒருவர் எனக்கான அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், வயது, கணவர் பெயர், இரத்த வகை எல்லாம் எழுதி முடித்து, அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"கடைசியா என்னைக்கும்மா தூரமானீங்க? முத நாள் தேதி வேணும்."

அவர் பேச்சில் தென்மாவட்டத்துச் சாயல் இருந்தது. என் வலப்பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் கைக்குள் பழனித் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று இருந்தது. கேள்வி நர்ஸினுடையது என்றாலும் பதிலுக்காக முதலில் திரும்பியது மாமியாரின் முகம்தான்.

"ஜூன் பன்னிரண்டுங்க" என்றேன்.

"ஜூலைல ஒண்ணும் வரலையா?"

"இல்லீங்க."

"அதுக்கு முன்னாடி மாசாமாசம் சரியா வந்துருமா?"

"வந்துருங்க."

நர்ஸ் மேசையிலிருந்த வட்ட அட்டை ஒன்றைத் திருகி, ஒரு கோட்டின் முனையைப் பார்த்து, பிரசவத் தேதி மார்ச் பத்தொன்பது என்று எழுதினார். மாமியார் என் முழங்கையைத் தொட்டுக் காதருகே குனிந்தார்.

"சின்னவளுக்கு ஏப்ரல் ரெண்டு. அப்ப நீதான் கண்ணு மொதல்ல."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகத்தான் ஜூன் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தேன்.

சின்னவளின் காலண்டர்

சின்னவள் என்று மாமியார் சொன்னது தீபிகாவை. என் கணவரின் தம்பி மனைவி. அந்த ஆண்டுத் தையில் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டரை ஆண்டு முடிந்திருந்தது. நான் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற பனியன் சட்டைகள் கேட்ட நாளில் கப்பலேறுகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. தேதிகளோடு புழங்குகிறவள்.

அவள் உடம்பும் அவ்வாறே இருந்தது. கைபேசியில் ஒரு செயலி வைத்திருந்தாள்; அதில் இருபத்தெட்டு நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. வந்த புதிதில் ஒருநாள், எந்தக் கூச்சமும் இல்லாமல், அதை என்னிடம் காட்டினாள். கம்பெனி வேன் ஒருநாள் தாமதமாக வந்தாலும் வரும், இது வராமல் போகாதுங்க்கா என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் அது என்னுள் வந்து குடியேறியது என்று இப்போது துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அவளுடைய சம்பளத்தின் மீதோ, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் சுபாவத்தின் மீதோ எனக்குப் பொறாமை இல்லை. அந்தப் புள்ளிகளின் மீதுதான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலிருந்த, அளந்து வைத்தது போன்ற வெள்ளை இடைவெளியின் மீது.

எனக்கு ஒரு முறை நாற்பது நாள், ஒரு முறை தொண்ணூறு. சில சமயம் வந்ததா வராததா என்று சந்தேகப்படும்படி அரை நாள் கறை. சினைப்பையில் சிறு கட்டிகள் என்று கல்யாணத்துக்கு முன்பே என் தாய்வீடு இருக்கும் மூலனூரில் ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்தார். கணவர் பிரபுவுக்கு என் நாட்கள் தவறுவது தெரியும். அதற்கும் பிரசவத் தேதிக்கும் தொடர்பு உண்டு என்பது தெரியாது. கட்டிங் மாஸ்டரான அவருக்கு அங்குலக் கணக்கில் பிழை வராது. மனைவியின் நாட்கணக்கில் தலையிடுவது மரியாதையல்ல என்று நினைப்பவர்.

விளக்கு வைக்காத மூன்று நாள்

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மாதவிலக்கைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு முருகன் படத்துக்கு முன் விளக்கு வைப்பது மருமகளின் பொறுப்பு. மருமகள் விளக்கு வைக்காமல் மூன்று நாள் ஒதுங்கியிருந்து, நான்காம் நாள் காலை தலைக்குக் குளித்தால், அந்த மாதம் கரு இல்லை என்று பொருள். மாமியாருக்குச் செய்தி அதிலேயே போய்விடும்.

கல்யாணமான முதல் ஆண்டில் எனக்கு இரண்டு மாதம் வரவில்லை. நான் இரண்டு மாதமும் விளக்கு வைத்தேன். மூன்றாம் மாதத் தொடக்கத்தில் மாமியார் கொழுக்கட்டை செய்து தட்டில் வைத்து, ஒன்றும் கேட்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். வந்தாலும் வராவிட்டாலும் மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கிவிடுவது. காலண்டரில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பென்சில் கோடு. அந்த நாளில் தலைவலி என்று சொல்லி மொட்டைமாடிக்குப் போய்ப் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வேன். நான்காம் நாள் காலை எல்லோர் காதிலும் விழும்படி வாளியை இழுத்து வைத்துத் தலைக்குக் குளிப்பேன். உடம்பு தராத ஒழுங்கை நானே நடித்துக் காட்டினேன். பெரியவளுக்கு நாள் தப்புவதே இல்லை, கடவுள்தான் இன்னும் கண் திறக்கவில்லை என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்வது என் காதில் விழும். அதில் எனக்கு ஒரு கள்ளத் திருப்தி இருந்தது.

ஜூன் பன்னிரண்டு அப்படி ஒரு பென்சில் கோடு. அவ்வளவுதான். உண்மையில் அப்போது எனக்கு வரவே இல்லை. கடைசியாக வந்தது சித்திரைக் கடைசியில்.

ஒரு சிறு விலகல். அந்தப் பருவத்தில் எங்களுக்குச் சுவடிப் பதிப்பு என்றொரு தாள் இருந்தது. ஓலை அரித்துப்போன இடத்தில் நமக்குத் தோன்றும் சொல்லை நிரப்பக் கூடாது, புள்ளியிட்டு விட்டுவிட வேண்டும். அந்தப் புள்ளிகளே பதிப்பாசிரியரின் நேர்மை என்று பேராசிரியர் சொல்வார். அந்தத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது நான்தான்.

ஆடியில் வைத்த விளக்கு

ஜூலையில் பெரும்பகுதி மூலனூரில் இருந்தேன். அண்ணன் கல்யாணம். முருங்கைக்காய் மண்டியில் அப்பாவுக்குப் பழக்கமானவர்கள் எல்லோரும் வந்து வீடு நிறைந்திருந்தது. அங்கே விளக்கு நாடகம் தேவைப்படவில்லை; ஆடவில்லை.

திரும்பி வந்து சில நாட்களில், ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், தீபிகா செய்தியைச் சொன்னாள். சொன்ன கையோடு தேதியையும் சொன்னாள்: ஏப்ரல் இரண்டு. செயலியே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டதாம்.

அதன் பிறகு நான் எவற்றின் மீதெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று பட்டியலிட்டால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். தெருமுனையில் நிற்கும் கம்பெனி வேன் அவளுக்காக வாசல்வரை வரத் தொடங்கியதன் மீது. அவளுக்கென மாமியார் நறுக்கி உப்பிட்டு வைத்த மாங்காயின் மீது. காலையில் அவள் எடுக்கும் வாந்தியின் மீது. குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றிருக்கிறேன். அந்த ஓங்கரிப்புச் சத்தத்தைக் கேட்டு என்னுள் எழுந்தது இரக்கம் அல்ல.

ஆகஸ்டில் என் பென்சில் கோடு வந்தது. நான் ஒதுங்கவில்லை. மூன்று நாளும் ஆறு மணிக்குப் போய் விளக்கு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மாமியார் பார்வை தீபிகாவிடமிருந்து ஒரு கணமாவது என் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு காரணம் இருந்ததாகத் தோன்றவில்லை. பார்வை திரும்பியது. அதைக் காப்பாற்றுவதற்காகத்தான், ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நம்பிக்கையில்லாமல் மருந்துக்கடைப் பட்டையில் சோதித்தேன். இரண்டு கோடு விழுந்தது.

பொய்யாக வைத்த விளக்கு மெய்யாகிப் போயிருந்தது. ஆனால் எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள என்னிடம் எந்தத் தேதியும் இல்லை.

மருத்துவமனையில் நாடகத்தை மட்டும் காப்பாற்ற நினைத்திருந்தால், ஜூலை பத்து, மூலனூரில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வீட்டிலேயே நான் விரல் விட்டுப் பார்த்திருந்தேன். ஜூலை என்றால் நான் தீபிகாவுக்குப் பின்னால். ஜூன் என்றால் இரண்டு வாரம் முன்னால்.

முன்னால் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஓர் அர்த்தம் உண்டு. தாய்வீட்டார் பல வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகும் கட்டுச்சோற்று விருந்து. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு என்றால் மாதம் முந்தியவளுக்கே முதல் விருந்து. அட்டை போட்ட அன்று சாயங்காலமே மாமியார் மூலனூருக்குப் பேசி, தையில் பெரியவளுக்கு, மாசியில் சின்னவளுக்கு என்று முடிவு செய்துவிட்டார். பெரியவள் பெரியவளாட்டவே முந்திக்கிட்டா என்று தொலைபேசியில் அவர் சொன்னபோது தீபிகா கூடத்தில்தான் இருந்தாள். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தோற்றவளின் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரப் பை

அடுத்த திங்கட்கிழமை முதல் ஸ்கேன். மாமியாரும் உள்ளே வந்தார். பன்னிரண்டு வாரக் குழந்தைக்குச் செய்வதுபோல வயிற்றின் மேல் குளிர்ந்த பசையைத் தடவிப் பார்த்தார்கள். கருவியை நகர்த்திக்கொண்டே இருந்த கை ஓரிடத்தில் நின்றது; பிறகு அழுத்தியது; பிறகு மீண்டும் அங்கேயே வந்தது.

மருத்துவர் படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்.

"தேதிப்படி பன்னிரண்டு வாரம் தாண்டியிருக்கணும். பை ஆறு வார அளவுக்குத்தாங்க இருக்கு. துடிப்பும் தெரியலை. வளர்ச்சி எப்பவோ நின்ன மாதிரி இருக்குது." என் பக்கம் திரும்பினார். "தேதி உறுதிதானுங்களா?"

கேள்வி நேராக என்னிடம் வந்தது. மாமியாரின் கை என் தோளில் இருந்தது. இல்லை என்றால், எந்தத் தேதி என்ற கேள்வி வரும். அதன் பின்னால் மூன்றாண்டு விளக்குகளும் வரிசையாக வரும். தை மாதம் கைவிட்டுப் போகும். இவ்வளவையும் ஒரு மூச்சு நேரத்தில் நினைத்தேன். வயிற்றுக்குள் இருந்ததை நினைக்கவில்லை.

"உறுதிதானுங்க."

வியாழக்கிழமை இன்னொரு முறை பார்ப்போம், அன்றும் இப்படியே இருந்தால் மாத்திரை வைத்து எடுத்துவிடலாம், உள்ளேயே விடுவது உங்கள் உடம்புக்கு நல்லதல்ல என்றார். எடுத்துவிடலாம் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான், எதை எடுப்பார்கள் என்பது எனக்கு உறைத்தது. பை சிறியதாக இருப்பதற்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வழியில் மாமியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் தீபிகாவைத் தனியே கூப்பிட்டு, ரெண்டு நாளைக்குப் பெரியவ அறைப்பக்கம் போகாத கண்ணு என்று தாழ்ந்த குரலில் சொன்னது கதவு வழியே கேட்டது. கரு கலையும் இடத்தில் பிள்ளைத்தாய்ச்சி நிற்கக் கூடாது. அந்த நிலையிலும், அவளைக் காப்பாற்ற எத்தனை பேர் என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது.

இரண்டு பாக்கெட்

சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு தீபிகா என் அறைக்கு வந்தாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் வந்தது மட்டுமல்ல, கதவையும் சாத்தினாள்.

"அக்கா, ஜூன்ல உங்களுக்கு வரலீங்களே."

நான் சுவரைப் பார்த்தேன்.

"நான் வந்ததுல இருந்து கடையில மாசம் ரெண்டு பாக்கெட் நாப்கின் வாங்கறேன். எனக்கொண்ணு, உங்களுக்கொண்ணு. உங்களுது அலமாரில அடுக்கினது அடுக்கினபடியே இருக்குது. கடைசியாச் சித்திரைல ஒண்ணு பிரிச்சீங்க. அதுக்கு முன்னால மாசில."

"அத்தைகிட்டச் சொல்லீட்டியா?"

"சொல்றவளா இருந்தா, நீங்க சும்மா மொட்டமாடில போயி உக்காந்திருந்தப்பவே சொல்லியிருப்பேனுங்க்கா." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தேதியே தப்புன்னா கொழந்த சின்னதாத்தான் தெரியும். ஆர்டரை லேட்டாக் குடுத்துப்போட்டு, சரக்கு ஏன் ரெடியாகலைன்னு எங்க வெளிநாட்டுப் பையர் கத்துவான். அந்தாளாட்டப் பேசிட்டு வந்திருக்கறீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூன் தேதி பொய் என்று எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டேன். அத்தை மூலனூருக்குப் பேசிய அன்றைக்கே என்றாள். தையோ மாசியோ, யார் முதலில் சாப்பிட்டால் என்ன என்று விட்டுவிட்டாளாம். அன்றைக்குத் தோற்றவளின் பார்வை என்று நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

"வியாழக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லிருங்க. இல்லீன்னா நான் சொல்லிருவேன். அப்பறம் என்ற மூஞ்சிலயே முழிக்க வேண்டாம்னாலும் சரிங்க."

எழுந்து போய்விட்டாள். வெளியே குளியலறையில் அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு நன்றி தோன்றியது என்று எழுதினால் இதில் நான் எழுதும் முதல் பொய் அதுவாக இருக்கும். தேதி அவளுக்கு இருந்தது, குமட்டல் அவளுக்கு இருந்தது, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. என் குழந்தைக்காகப் பேசவும் அவள்தான் வர வேண்டியிருந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை நான் கிளம்பியதற்கு, தாய்மை காரணமா, அவளுக்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்ற வீம்பு காரணமா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை

எட்டு மணிக்கு மருத்துவமனை திறக்கும்போது தனியாக வாசலில் நின்றிருந்தேன். மருத்துவர் வந்ததும் உட்காராமலேயே சொன்னேன். ஜூன் பன்னிரண்டு பொய். உண்மையில் வந்தது சித்திரைக் கடைசியில். எனக்கு மாதாமாதம் வருவதில்லை. எப்போது தரித்தது என்று தெரியாது.

அவர் என் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"நேத்து உறுதின்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேனுங்க."

"நாள் முன்னப்பின்ன ஆகறவங்க தினமும் நாலு பேரு வர்றாங்கம்மா. தெரியாதுன்னு சொன்னாப் போதும். கருவை அளந்து நாங்களே தேதி போட்டுக்குவோம். அதுக்குத்தானே இந்த மெஷின் இருக்குது." பேனாவை மூடிவைத்தார். "நான் மாத்திரை வெச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

இம்முறை உள்வழியாகப் பார்த்தார்கள். திரையில் தெரிந்த கரிய பையின் ஓரத்தில் அரிசியளவு வெளிச்சம் ஒன்று. அதன் நடுவில் ஏதோ ஓயாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. ஆறு வாரம் இரண்டு நாள் என்றார் மருத்துவர். இவ்வளவு இளசான துடிப்பு வயிற்றின் மேலிருந்து பார்த்தால் தெரியாமல் போவது உண்டாம். பழைய பிரசவத் தேதியை அடித்துவிட்டு மே மூன்று என்று எழுதினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பது. மாமியார் சமையலறையில் இருந்தார். தீபிகா சாப்பாட்டுப் பையோடு வேனுக்காக நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்து, நினைத்ததற்கு வெட்கப்பட்டு, அப்போதே பேசினேன். பென்சில் கோடு, மொட்டைமாடி, ஜூன் எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் அடுப்பை அணைத்தார்.

"கொழந்தைக்குத் துடிப்பிருக்குதா?"

"இருக்குதுங்கத்தை. பார்த்தேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். மூன்றாண்டு என்னை ஏமாத்துனியா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. புதுத் தேதி என்ன என்றார். மே மூன்று என்றேன். அவர் விரல்கள் தாமாகவே முந்தானை ஓரத்தில் மாதங்களை எண்ணின. ஏப்ரல் ரெண்டு, மே மூணு. எண்ணி முடித்ததும் என்னைப் பார்த்தார். முதல் விருந்து யாருக்கு என்பதை நானே சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தார்.

மருத்துவரிடம் பொய்யை ஒப்புக்கொண்டது இவ்வளவு கடினமாக இல்லை. வாசலில் வேன் வந்து நின்று ஒலியெழுப்பியது. தீபிகா நகரவில்லை.

"தீபிகாவுக்கு மொதல்ல வைங்கத்தை" என்றேன். "எனக்கு அப்பறம்."

அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வேன் காத்திருக்கிறது என்று சொன்னேன்.